தொழிலாளர் சட்டப் பேராசிரியர் ஆவது எப்படி?

இந்தியாவில் எல்.எல்.பி. நடத்தும் எந்தக் கல்லூரியும் தொழிலாளர் சட்டத்தைக் கைவிட முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் அதை இரண்டு தாள்களாகக் கட்டாயப் பாடங்களில் வைத்திருக்கின்றன. ஆகவே ஆசிரியர் தேவை தீராது. இப்போது இன்னொரு வாய்ப்பும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து 29 நடுவண் சட்டங்களின் இடத்தைப் பிடித்தன. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் பிரிவு எண்களைப் புதிதாகத்தான் படித்தாக வேண்டும். உள்ளே நுழைய நினைக்கும் இளையவருக்கு இதைவிட நல்ல நேரம் அமைவது அரிது.

எண்களை எவரும் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று சொல்வதும், தொழிற்சங்கத்தார் இன்றும் பழைய எண்ணால் ‘12(3) ஒப்பந்தம்’ என்று அழைக்கும், சமரச அலுவலர் முன் எட்டிய உடன்பாட்டைக் கொண்ட ஒரு கட்டு காகிதத்தைப் படித்து தொழிலாளிக்கு எது வந்தது, எது போனது என்று பிரித்துக் காட்டுவதும் ஆண்டுக்கணக்கில் வளரும் திறமை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் தகுதிச் சான்றிதழ்களோடு இந்தத் திறமையையும் கூடவே சேர்த்துக்கொண்டு போக வேண்டும். சான்றிதழை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடுபவர்கள் நாற்பது வயதிலும் உரைநூலைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எல்.எல்.எம்.

உதவிப் பேராசிரியர் பணிக்குச் சட்ட முதுநிலைப் பட்டமான எல்.எல்.எம்.மில் 55 விழுக்காடு அடிப்படை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் (வசதி படைத்த பிரிவு நீங்கலாக), மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 54.8 வாங்கிவிட்டு அதை 55 ஆக முழுமையாக்கச் சொல்லிக் கேட்பது நடக்காது. உள்மதிப்பீடும் ஆய்வுக் கட்டுரையும்தான் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள எளிய இடங்கள். முதல் பருவத்திலேயே அவற்றில் கவனம் வையுங்கள்.

சிறப்புப் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ ‘தொழிலாளர் சட்டம்’ என்ற பெயர் வருமா? தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. பணியிடங்கள் பாடவாரியாகப் பிரிக்கப்படும்போது உங்கள் பிரிவு எது என்பதைக் காகிதம்தான் பேசும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் போல இந்தப் பாடத்தைத் தனிப் பிரிவாக நடத்தும் இடங்களில் இந்தச் சிக்கல் எழாது. சில தனியார் பல்கலைக்கழகங்கள் வணிகச் சட்டம் என்ற பெரிய தலைப்புக்குள் ஒரே ஒரு தாளாக இதை அடக்கிவிடுகின்றன. இரண்டாவது, ஓராண்டுப் படிப்பா, இரண்டாண்டா என்பது. ஓராண்டுப் படிப்பில் நேரம் மிச்சமாகும். ஆனால் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைப்பது நான்கைந்து மாதம்தான், களப்பணிக்குப் போதாது. வேறு கட்டாயம் இல்லையென்றால் இரண்டாண்டுப் படிப்பே நல்லது.

இந்த இரண்டு ஆண்டுகளில் வாரம் ஒரு நாள் தொழிலாளர் நீதிமன்றத்தில் உட்காருங்கள். சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் நடுவண் அரசின் தொழில் தீர்ப்பாயமும் இருக்கிறது. பழைய தொழில் தாவாச் சட்டத்தின் 36(4) பிரிவு வழக்கறிஞர் ஆஜராவதற்கு எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் தேவை என்று வைத்திருந்தது. அதனால் இந்த மன்றங்களில் சங்கப் பொறுப்பாளர்களே எழுந்து வாதாடும் மரபு வேரூன்றியிருக்கிறது. சட்டப் பட்டம் இல்லாத ஒருவர், நிறுவனம் தொழிலாளிமேல் நடத்திய உள்விசாரணை ஏன் முறைகேடானது என்று குறுக்கு விசாரணை செய்வதைக் கவனியுங்கள். எந்த நூலும் அதைக் கற்றுத்தராது.

நெட் தேர்வும் அதன் பொறியும்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் சட்டப் பாடத்தின் எண் 58. ‘தொழிலாளர் நலம், தொழிலுறவு, மனிதவள மேலாண்மை’ என்ற பெயரில் எண் 55 கொண்ட தனிப் பாடமும் உண்டு. பெயரைப் பார்த்து அதில் விண்ணப்பித்துவிடாதீர்கள். அது சமூகப்பணி, மேலாண்மை முதுநிலைப் பட்டதாரிகளுக்கானது. சட்டத் துறைப் பணியிடத்துக்கு 58தான் வேண்டும்.

இன்னொரு உண்மையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சட்ட நெட் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் தொழிலாளர் சட்டம் தனி அலகாக இல்லை. நீதிநெறிக் கோட்பாடு, அரசியலமைப்பு, பன்னாட்டுச் சட்டம், குற்றவியல், தீங்கியல், வணிகச் சட்டம், குடும்பச் சட்டம், சுற்றுச்சூழல், அறிவுசார் சொத்துரிமை என்று போகிறது பட்டியல். தொழிலாளர் சட்டத்தில் ஊறியவர்கள் முதல் முயற்சியில் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். ஆறு மாதம் ஒதுக்கி, உங்கள் பாடத்தை மூடி வைத்துவிட்டு, மற்ற பத்தையும் படியுங்கள். பொதுத்தாளில் 50 கேள்விக்கு 100 மதிப்பெண், பாடத்தாளில் 100 கேள்விக்கு 200 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் ஒரு கேள்வியையும் விட்டு வைக்கக் கூடாது. பொதுத்தாளைச் சட்ட மாணவர்கள் அலட்சியம் செய்வார்கள். தரவு விளக்கம், தருக்கம் இரண்டிலும் பயிற்சி இருந்தால் அங்கே 70 எடுப்பது பாடத்தாளில் கூடுதலாக 20 எடுப்பதைவிட எளிது.

இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு இதில் 3 ஆண்டு தளர்வு இருக்கிறது. பலர் இதை அறியாமல் ‘தொகை இல்லாமல் தகுதி மட்டும் போதும்’ என்று குறித்துவிடுகிறார்கள். தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. களப்பணி செய்யும் ஆய்வாளருக்கு இந்தப் பணம் ஆய்வின் தரத்தையே மாற்றும். மாநிலத் தகுதித் தேர்வான செட் அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். நெட் நாடு முழுவதும், ஆயுளுக்கும் செல்லும்.

2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. நெட், செட் போதும். இதைக் கேட்டு ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள். பல்கலைக்கழகப் பணிக்கான முன்தேர்வு மதிப்பெண் அட்டவணையில் முனைவர் பட்டத்துக்கு மட்டும் 30 மதிப்பெண். உதவித்தொகையோடு நெட் 7, நெட் மட்டும் 5, செட் 3.

ஆய்வுக் கேள்வி

இந்த வழியில் மிக அதிகமான ஆண்டுகள் வீணாவது இங்கேதான். ‘இந்தியாவில் அமைப்புசாராத் தொழிலாளர்களின் சட்டப் பாதுகாப்பு: ஓர் ஆய்வு’ என்ற வகைத் தலைப்பை எடுத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டின் முடிவில் சட்டங்களின் சுருக்கம் 300 பக்கம் கையில் இருக்கும், கேள்வி இருக்காது. தலைப்பு சரியா என்று பார்க்க ஒரு சோதனை: உங்கள் கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘இவ்வளவு’, ‘இந்தக் காரணத்தால்’ என்று பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதில் தவறாக இருக்கவும் வாய்ப்பு வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தைப் பாருங்கள். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நிரந்தரப்படுத்தும்படி ஆய்வாளர்கள் பிறப்பித்த உத்தரவுகளில் எத்தனை நிறைவேறின, எத்தனை ரிட் மனுவில் நின்றன, எத்தனை ஆண்டு நின்றன என்பது நல்ல கேள்வி. அதே சட்டத்தில் கோட்பாட்டுக் கேள்வியும் இருக்கிறது. தொழிலாளர் பொருள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 22, 23, 24ஆம் பதிவுகளில் வருகிறது. குறித்த காலப் பணியை அங்கீகரிக்கும் நடுவண் தொழிலுறவுச் சட்டத்தொகுப்போடு இந்த மாநிலச் சட்டம் மோதுகிறதா, அப்படி மோதினால் எது நிற்கும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 254ஆம் கூறு எங்கே வேலை செய்யும் என்பது. களமும் கோட்பாடும் ஒரே இடத்தில் சந்திக்கும் இப்படிப்பட்ட தலைப்புகளைத் தேடுங்கள். இணையச் செயலி வழி வேலை செய்பவர்களைப் பற்றியும் இடம் இருக்கிறது: சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு செயலி நிறுவனங்களிடம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு பங்களிப்புக் கேட்கிறது, ராஜஸ்தானும் கர்நாடகமும் தனிச் சட்டம் இயற்றின, தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. மூன்று வழிகளில் எது பணத்தை உரியவர் கையில் சேர்க்கிறது என்று ஒப்பிடலாம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி ஒரு நேரத்தில் உதவிப் பேராசிரியர் 4, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 பேரை மட்டுமே நெறிப்படுத்தலாம். அவரிடம் இப்போது இருக்கும் ஆய்வாளர் ஒருவரிடம் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தத்தோடு திரும்பி வருகிறது? ‘மாதம் ஒன்று’ என்றால் சரி. ‘கடைசியில் மொத்தமாகப் பார்ப்பார்’ என்றால் வேறு இடம் பாருங்கள். படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. அதன்பின் 2 ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். பிறர் எழுத்தை நகலெடுத்ததைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. தீர்ப்புகளை நீளமாக மேற்கோள் காட்டும் சட்ட ஆய்வேடுகள் இதைத் தாண்டுவது வழக்கம். மேற்கோளைச் சுருக்கி உங்கள் சொல்லில் எழுதுவது ஆய்வுக்கும் நல்லது.

தீர்ப்பாணைகளைத் திரட்டுதல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் படித்து எழுதப்படும் தொழிலாளர் சட்டம் பாதிச் சட்டம்தான். மீதிப் பாதி தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பாணைகளில், சங்கத்தார் ‘அவார்டு’ என்பதில், கிடக்கிறது. தொழில் தாவாச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இவற்றை வெளியிடச் சொன்னதால் பழையவை அரசிதழ்களில் இருக்கின்றன. நடுவண் தீர்ப்பாயங்களுடையவை இந்திய அரசிதழின் இரண்டாம் பகுதி, மூன்றாம் பிரிவு, (2)ஆம் உட்பிரிவில் வரும். எவரும் சீந்தாத பொருள் என்பதால் புதிய ஆய்வாளருக்கு இதுவே புதையல்.

நூறு தீர்ப்பாணைகளை எடுத்துக்கொண்டு அட்டவணை போடுங்கள். நிரல்களாக வர வேண்டியவை: வழக்கு எண், வேலைநீக்கத் தேதி, தாவா எழுப்பிய தேதி, சமரசத் தோல்வி அறிக்கைத் தேதி, தீர்ப்பாணைத் தேதி, தொழிலாளியின் வேலை, பணிக்காலம், கடைசிச் சம்பளம், குற்றச்சாட்டு, உள்விசாரணை நடந்ததா, அது செல்லும் என்று முதனிலை உத்தரவு வந்ததா, 11-ஏ பிரிவின்கீழ் தண்டனை குறைக்கப்பட்டதா, நிவாரணம் என்ன, பின்சம்பளம் (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) எத்தனை விழுக்காடு. முதலில் 20 தீர்ப்பாணைகளுக்கு மட்டும் நிரப்பிப் பாருங்கள். ‘நிவாரணம்’ என்ற ஒரே நிரல் போதாது என்பது அப்போதுதான் தெரியும்: பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, தொடர்ச்சி இல்லாமல் வேலை, வேலைக்குப் பதில் இழப்பீடு என்று அதைப் பிரித்தாக வேண்டும். அட்டவணையைத் திருத்தியபின் நூறையும் முடியுங்கள். பிறகு இன்னொரு ஆய்வாளரிடம் பத்தைக் கொடுத்துத் தனியாக நிரப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். ‘குற்றச்சாட்டு’ நிரலில்தான் முரண் அதிகம் வரும். வகைகளுக்கு வரையறை எழுதாமல் தொடங்குவதே காரணம்.

பின்சம்பளம் பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் சொன்ன கோட்பாடுகள் கீழ் மன்றங்களில் எந்த அளவுக்கு இறங்கியிருக்கின்றன என்பதை இப்படியொரு அட்டவணையே காட்டும். 2013க்கு முன் ஐம்பது, பின் ஐம்பது என்று எடுத்தால் ஒரு முழுக் கட்டுரை தயார்.

எண்ணிக்கைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் காலம் 30 நாள். ‘ஏன்’ என்று கேட்டால் மறுப்பு வரும். கருத்தும் காரணமும் தகவல் ஆகா. ‘விவரங்களை வழங்கவும்’ என்று பொதுவாகக் கேட்டாலும் பயனில்லை. இந்த அலுவலகத்தில், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, தனித் தொழிலாளியின் வேலைநீக்கம் பற்றிய தொழில் தாவாச் சட்டத்தின் 2-ஏ பிரிவின்கீழ் வந்த மனுக்கள் எத்தனை, சமரசத்தில் முடிந்தவை எத்தனை, தோல்வி அறிக்கை எத்தனை, ஆண்டுவாரியாக, என்று கேட்க வேண்டும். பெயர் கேட்காதீர்கள், அந்தரங்க விலக்கைக் காட்டி முழு மனுவையும் தள்ளிவிட அது வழி கொடுக்கும். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனி மனு போடுங்கள்.

தொழிலாளர்களை நேரில் சந்திப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். மனிதவளத் துறையின் வழியாக உள்ளே போனால் தேர்ந்தெடுத்த ஆட்களையே காட்டுவார்கள், அவர்களும் மேற்பார்வையாளர் முன்னிலையில் பேசுவார்கள். ஆலை வாயிலில் நின்று பேசினால் வேலைமுறை மாறும் அவசரத்தில் இரண்டு நிமிடம் கிடைக்கும். பேசியவரைக் குறித்துவைக்கவும் ஆள் இருக்கும். வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ, வார விடுமுறை நாளில் சந்திப்பதே முறை. பெயர், ஆலை, பணிப்பிரிவு மூன்றையும் குறிப்பேட்டிலேயே குறியீடாக எழுதுங்கள். ஐம்பது பேர் உள்ள பிரிவில் ‘42 வயது, கணவரை இழந்தவர், வெல்டிங் பிரிவு’ என்று எழுதினால் பெயரே எழுதியதுபோல்தான். உங்கள் கட்டுரையால் ஒருவர் வேலை இழந்தால் எந்தப் பட்டமும் அதை ஈடுசெய்யாது.

கட்டுரைகள்

இணைப் பேராசிரியர் ஆக, யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், 7 கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 75 தேவை. பேராசிரியருக்கு 10 ஆண்டு, 10 கட்டுரைகள், 120. சமூக அறிவியல் வரிசையில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. ஆகவே உழைக்காதவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கட்டுரைக்கு உங்கள் மதிப்பெண் குறையும். 2025 ஜனவரியில் இந்த விதிகளுக்கு மாற்றாக ஒரு வரைவு வெளியானது. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் உள்ளது என்பதை அந்த அறிவிப்பிலேயே பாருங்கள்.

ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்து யு.ஜி.சி. 2018இல் தொடங்கிய கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை இனி நீங்களே எடைபோட வேண்டும். இந்தியச் சட்ட நிறுவனத்தின் இதழ், இந்தியத் தொழிலாளர் பொருளாதார இதழ், எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி போன்றவற்றில் மதிப்பீடு முடியப் பல மாதங்கள் ஆகும். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் இதழ் எதுவானாலும் விலகுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேர்வுக் குழு உங்கள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்க்கும். தீர்ப்பு விமர்சனங்களில் தொடங்குவது நல்லது. 3,000 சொல், ஒரே தீர்ப்பு, ஒரே வாதம். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் முழுப் பாடத்தில் திறந்து பாருங்கள். தலைப்புக் குறிப்பை நம்பி எழுதுவதும், செயற்கை நுண்ணறிவு தரும் வழக்குப் பெயரை அப்படியே போடுவதும் நற்பெயரை ஒரே நாளில் கெடுக்கும்.

விண்ணப்பமும் நேர்காணலும்

முன்தேர்வு மதிப்பெண் உங்களை நேர்காணல் அறை வரை கொண்டுபோகும். அதன்பின் தேர்வு நேர்காணலை வைத்து மட்டுமே. இதற்கு முன்னதாக, அனுபவச் சான்றில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்த ஆசிரியர் பணி பிற்காலத்தில் கணக்கில் வர வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் உண்டு: அப்போதே முழுத் தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு நியமித்திருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் சொற்ப ஊதியத்துக்குச் செய்த பல ஆண்டுப் பணி மூன்றாவது நிபந்தனையில் அடிபட்டுப்போகும். தொழிலாளர் சட்டம் கற்பிப்பவர்களுக்கே நேரும் இந்த அநீதி மனதைச் சுடுகிறது. ஆனாலும் தெரிந்து சேர வேண்டும். நியமன ஆணை, தேர்வுக் குழு நடவடிக்கைக் குறிப்பு, மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம் 16 ஆகியவற்றைச் சேர்ந்த நாளிலிருந்தே கோப்பில் போடுங்கள். பணியில் இருந்துகொண்டே, விடுப்பு எடுக்காமல் முனைவர் ஆய்வு செய்த காலம் அனுபவமாகக் கணக்கில் வரும். முழுநேர ஆய்வாளராக இருந்த காலம் வராது.

வழக்கறிஞர் தொழிலையும் ஆசிரியப் பணியையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதி இடம் கொடுக்கிறது. முழுநேரப் பணியில் சேர்ந்ததும் வழக்காடுவதை நிறுத்த வேண்டும்.

மாதிரி வகுப்பு கேட்டால் ‘தொழிலாளர் சட்டத்தின் வரலாறு’ என்று தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைத் தாண்ட மாட்டீர்கள். 200 பேர் வேலை செய்யும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் 100 பேரைத் தொட்டாலே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும்; புதியதில் 300. அதே ஆலை, அதே தொழிலாளி, நவம்பர் 20க்கும் 21க்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்டால் மொத்த விவாதமும் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும்.

வகுப்பறை

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். அதிலும் முதல் ஆண்டு ஒவ்வொரு மணி நேர வகுப்புக்கும் மூன்று மணி நேரத் தயாரிப்பு தேவைப்படும். ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்காது என்று தெரிந்தே அந்த ஆண்டைத் திட்டமிடுங்கள்.

பழைய சட்டத்தையும் புதியதையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதுதான் இப்போது எல்லோருக்கும் உள்ள தலைவலி. சட்டத்தொகுப்பை மட்டும் நடத்தினால் மாணவர் எழுபது ஆண்டுத் தீர்ப்புகளைப் படிக்க முடியாமல் போவார். பழைய சட்டத்தின்கீழ் எழுந்த வழக்குகளும் இன்னும் பல ஆண்டு ஓடும். பழையதை மட்டும் நடத்துவது ஏமாற்று. கருத்தை மையமாக வைத்து இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதுவது பலன் தரும். தொழிலாளர் வரையறை தொழில் தாவாச் சட்டத்தில் 2(எஸ்) பிரிவு, இப்போது தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் 2(இசட்ஆர்). மேற்பார்வையாளரின் மாதச் சம்பள வரம்பு 10,000 ரூபாய், இப்போது 18,000. வேலைநிறுத்த அறிவிப்பு 22ஆம் பிரிவு, இப்போது 62ஆம் பிரிவு. பழையது பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும், புதியது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் இனி வேலைநிறுத்தம்தான். ஆட்குறைப்பு நிபந்தனைகள் 25-எஃப் பிரிவு, இப்போது 70. அனுமதி 25-என், இப்போது 79.

‘தொழில்’ என்பதன் வரையறைக்கு இரண்டு முழு வகுப்புகள் கொடுங்கள். 1978இல் ஏழு நீதிபதிகள் பெங்களூர் நீர் வழங்கல் வாரிய வழக்கில் மூன்று அம்சச் சோதனையை வைத்து வலையை விரித்தார்கள். 1982இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தியது, ஆனால் அந்தத் திருத்தம் நடைமுறைக்கே வரவில்லை. 2017இல் கேள்வி ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டது. இப்போதைய சட்டத்தொகுப்பு தொண்டு நிறுவனங்களையும் அரசின் இறையாண்மைப் பணிகளையும் வீட்டு வேலையையும் விலக்குகிறது. ஒரு தனியார் அறக்கட்டளை மருத்துவமனையின் செவிலியரை இந்த நான்கு கட்டங்களிலும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தாங்களாகவே சண்டை போட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

கணக்கு போடவைப்பதையும் தவிர்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,000, வீட்டு வாடகைப்படி 8,000, போக்குவரத்துப்படி 6,000; வேறு எதுவும் இல்லை. மொத்தம் 24,000. புதிய சட்டத்தொகுப்பின்படி, ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டும் தொகை ஊதியத்தோடு சேரும். இங்கே விலக்கப்படும் படிகள் 14,000. மொத்தத்தில் பாதியான 12,000ஐ அவை 2,000 தாண்டுகின்றன. அந்த 2,000 ஊதியத்தோடு சேர, ஊதியம் 12,000 ஆகிறது. பத்து ஆண்டுப் பணிக்கொடையை 15/26 சூத்திரத்தில் (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்) போட்டால் முன்பு 57,692 ரூபாய், இப்போது 69,231 ரூபாய். இதைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால் ‘ஊதியம்’ என்ற சொல்லின் வரையறையை ஏன் இவ்வளவு நேரம் படிக்கிறோம் என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

பருவத்துக்கு ஒரு முறை சமரசப் பேச்சு நடத்துங்கள். ஐந்து பேர் சங்கம், நான்கு பேர் நிர்வாகம், ஒருவர் சமரச அலுவலர். சங்கத்துக்குக் கோரிக்கைப் பட்டியலும் நிர்வாகத்துக்குக் கற்பனையான வரவு செலவுக் கணக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. 90 நிமிடம் போதும். முடிவில் ஒப்பந்தத்தை எழுதவைக்க வேண்டும். ‘எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும்’ என்று எழுதிவிட்டு ஒப்பந்தத் தொழிலாளர் அதில் அடங்குவாரா என்பதைச் சொல்லாமல் விடுவார்கள். அந்தப் பிழையிலிருந்து அடுத்த வாரம் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 2001ஆம் ஆண்டின் செயில் (இந்திய உருக்கு ஆணையம்) வழக்குத் தீர்ப்புக்குப் போகலாம்.

சென்னையில் கற்பிப்பவருக்கு ஊரே பாடம். 1918 ஏப்ரல் 27இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைப் போராட்டம், 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே நாள், அரசு ஊழியர் வேலைநிறுத்தம் பற்றிய 2003ஆம் ஆண்டின் ரங்கராஜன் தீர்ப்பு, கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமைக்காக 2021இல் வந்த திருத்தம் என்று ஒரு நூற்றாண்டை இந்த மண்ணிலிருந்தே நடத்த முடியும்.

பதவி உயர்வும் வெளிப்பணியும்

ஊதிய நிலை 10இல் 57,700 ரூபாயில் தொடங்கும் உதவிப் பேராசிரியர், முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டிலும், எல்.எல்.எம். மட்டும் இருந்தால் 5 ஆண்டிலும் நிலை 11க்கு நகரலாம். அடுத்த 5 ஆண்டில் 12, பிறகு 3 ஆண்டில் இணைப் பேராசிரியர், மேலும் 3 ஆண்டில் பேராசிரியர். இடையில் வரும் புத்தாக்கப் பயிற்சிகளை ஒத்திப்போட்டவர்களுக்கே உயர்வு தாமதமாகிறது. தகுதித் தேதிக்கு ஓராண்டு முன்பே பயிற்சிச் சான்றுகளை எண்ணிப் பாருங்கள்.

பெயர் தெரிந்தபின் வெளிப்பணிகள் வரும்: உள்விசாரணை அதிகாரி, குறைந்தபட்சக் கூலிக் குழுவில் சார்பற்ற உறுப்பினர், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவின் வெளி உறுப்பினர், சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பயிற்சி. விசாரணை அதிகாரியாகப் போகும்போது கட்டணத்தை நிறுவனம்தான் தருகிறது என்பதால் சார்பு பற்றிய ஐயம் இயல்பாக எழும். நடவடிக்கைக் குறிப்பை அன்றன்றே எழுதி இரு தரப்பிலும் கையொப்பம் வாங்குங்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியில், தமிழ்நாட்டு ஆலை என்றால் தமிழில், எழுதுங்கள். வடமாநிலத் தொழிலாளி என்றால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முதல் அமர்வையே தொடங்கக் கூடாது. நீங்கள் ஆய்வு செய்யும் ஆலையிலிருந்து எந்தக் கட்டணத்தையும் வாங்காதீர்கள். வாங்கிய இடங்களைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

முனைவர் ஆய்வுக்காகப் போட்ட தீர்ப்பாணை அட்டவணையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், பெயர்களை நீக்கி, வகைகளின் வரையறைக் குறிப்போடு கல்லூரி நூலகத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் எல்.எல்.எம். மாணவர் ஒருவருக்குப் பத்துத் தீர்ப்பாணைகள் என்று பிரித்துக் கொடுத்தால், பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் ஆண்டுக்கு நூறு சேரும்.